யாரில் 25 வீதம்?

கேள்வி: டீச்சர், மேற்படிப்புக்காக ஜிஆர்ஈ பரீட்சைக்குப் படிக்கிறேன். பயிற்சிக் கணக்கு ஒன்று: ஒரு நிறுவனத்தில் 60 வீதமானோருக்குப் பிரெஞ்சு தெரியும். அவர்களில் 25 வீதமானோருக்கு ஜேர்மனும் தெரியும். மொத்த ஊழியரில் 25 வீதமானோருக்கு இரண்டும் தெரியாது. ஜேர்மன் தெரிந்தவர்களில் எத்தனை வீதமானோருக்குப் பிரெஞ்சும் தெரியும்? 60, 25, 25 மூன்றையும் கூட்டினால் 110. மேலதிகமான 10தான் இரண்டும் தெரிந்தவர்கள் என்று எடுத்தேன். 25இல் 10 என்றால் 40 வீதம். ஆனால் விடை 50 வீதமாம். எங்கே பிழைத்தது?
- வாசகி, உப்புவெளி

பதில்: மகள், நீங்கள் செய்த முறை பிழையில்லை. ஜேர்மன் தெரிந்தவர்கள் மொத்த ஊழியரில் 25 வீதம் என்று கணக்கில் இருந்திருந்தால் 40தான் விடை. ஆனால் அங்கே 'அவர்களில்' என்று இருக்கிறது. அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

என் அம்மா திருகோணமலைச் சந்தையில் மீன் விற்றவர். சூடையையும் கீரியையும் நனைத்த சாக்கின் மேல் கூறு கூறாகக் குவித்து வைப்பார். அந்தச் சாக்குக்கு முன்னால் 100 பேர் வந்ததாக வையுங்கள். 60 பேர் சூடை வாங்குகிறார்கள். அந்த 60 பேரில் கால்வாசிப் பேர், அதாவது 15 பேர், கீரியும் சேர்த்து வாங்குகிறார்கள். 25 பேர் விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு போகிறார்கள். அப்போ கீரி மட்டும் வாங்கியவர்கள் எத்தனை பேர்? 100இல் 60ஐயும் 25ஐயும் கழியுங்கள், 15. ஆக, கீரி வாங்கியவர்கள் மொத்தம் 30 பேர். அவர்களில் 15 பேர் சூடையும் வாங்கியவர்கள். சரி பாதி. உங்கள் 50 வீதம் இதுதான்.

ஆட்களாக நிறுத்திப் பார்த்தால் 25 வீதம் இரண்டும் வேறு வேறு என்று கண்ணுக்கே தெரியும். ஒன்று 60 பேரில் கால்வாசி, மற்றது 100 பேரில் கால்வாசி. வீதம் என்ற சொல்லைக் கண்டதும் 'யாரில்?' என்று கேட்டு, பதிலைப் பென்சிலால் பக்கத்தில் எழுதுங்கள். தமிழில் 'இல்' காட்டிக் கொடுக்கும். உங்கள் பரீட்சை ஆங்கிலத்தில் என்பதால் 'ஒவ்' (of) என்ற சொல்லுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கணக்கின் கடைசிக் கேள்வியும் அப்படித்தான். 'ஜேர்மன் தெரிந்தவர்களில்' என்று கேட்டால் 30ஆல் வகுக்க வேண்டும், 60ஆல் அல்ல.

சாதாரண தரத்தில் தொடைகள் பாடத்துக்கு வட்டங்கள் வரைந்திருப்பீர்கள். ஜோன் வென் 1880இல் எழுதிக் காட்டிய முறை அது. நல்ல முறைதான், ஆனாலும் இந்த வகைக் கணக்குக்கு நான் பெட்டியைத்தான் விரும்புகிறேன். வட்டத்துக்கு வெளியே நிற்கும் 'இரண்டும் இல்லை'யைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். பெட்டியில் அதற்கும் ஓர் அறை உண்டு, வெறுமையாகக் கிடந்தால் கண்ணை உறுத்தும். பிரெஞ்சு தெரியும், தெரியாது என்று இரண்டு நிரல், ஜேர்மன் தெரியும், தெரியாது என்று இரண்டு நிரை, ஆக நான்கு அறைகள் கீறி, ஓரங்களில் கூட்டுத்தொகைக்கு இடம் விட்டு, வலப்பக்கக் கீழ் மூலையில் முதலில் 100 என்று எழுதுங்கள். மூன்றிலொரு பங்கு வந்தால் 300 வையுங்கள், பின்னம் வராது. ஜிஆர்ஈயின் முதல் கணிதப் பகுதியில் 12 கேள்விக்கு 21 நிமிடம். பெட்டி கீற அதில் பத்து விநாடி போதும், அதை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: ஒரு வகுப்பில் 70 வீதமானோர் கணிதத்தில் சித்தி, 60 வீதமானோர் விஞ்ஞானத்தில் சித்தி. இரண்டிலும் சித்தி 30 வீதம் என்கிறான் மகன். விடை 'தீர்மானிக்க முடியாது' என்கிறது புத்தகம். எது சரி?
- வாசகர், கிண்ணியா

பதில்: புத்தகம் சொல்வதுதான் சரி, ஐயா. இரண்டிலும் தவறியவர் ஒருவரும் இல்லையென்றால்தான் மகன் சொல்லும் 30 வரும். விஞ்ஞானத்தில் சித்தியடைந்த எல்லோரும் கணிதத்திலும் சித்தியடைந்திருந்தால் அது 60 ஆகிவிடும், அப்போது இரண்டிலும் தவறியவர்கள் 30 வீதம். 30க்கும் 60க்கும் இடையில் எதுவும் இருக்கலாம். மகனிடம் பெட்டியைக் கீறச் சொல்லுங்கள். 'இரண்டும் இல்லை' அறையில் எதை எழுதுவது என்று அவனே நின்றுவிடுவான்.