கேள்வி பதில்: சேற்றுநிலத்து விருந்தாளிகள்

கேள்வி: டெர் ரூஜ் கழிமுகப் பறவைச் சரணாலயத்துக்குப் பிள்ளைகளை எப்போது அழைத்துச் செல்லலாம்? அங்கே தொண்டு செய்ய வழியுண்டா?
- வாசகி, ரோஸ் ஹில்

பதில்: மொரீஷியஸின் தலைநகரான போர்ட் லூயிஸுக்கு அருகே 26 ஹெக்டேர் மட்டுமே உள்ள இந்த இடம் 2001இல், உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வடக்கின் குளிருக்குத் தப்பி வரும் பறவைகள் அக்டோபர் முதல் மார்ச் வரை, அதாவது நம் கோடையில், மிகுதியாகத் தங்குவதால், அம்மாதங்களில் கடல் வற்றிச் சேறு வெளிப்படும் வேளை பார்த்துச் செல்லுங்கள். கல்திருப்பி உள்ளான் தன் குட்டை அலகால் கூழாங்கல்லைப் புரட்டி, அடியில் பதுங்கிய சிறு நண்டை இழுப்பதை (என் கண்ணுக்கு, நீண்ட மூக்குக் கோட்டான் என்ற கரைப்பறவையைவிட இதுவே அழகு) பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

தொண்டு செய்வதற்குத் தேசியப் பூங்காத் துறையினரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஒதுங்கும் பிளாஸ்டிக்கை அகற்றுவது நல்லதுதான். ஆனால் இரை தேடும் கூட்டத்துக்குள் நடந்து பொறுக்காதீர்கள், ஏனெனில் பதறிப் பறக்கும் ஒவ்வொரு முறையும், திரும்பும் பயணத்துக்காக அவை சேர்த்த கொழுப்பே கரைகிறது.