அன்யெஸ் பே பிராண்ட்: அடையாளம், வாடிக்கையாளர், போட்டியாளர் பற்றி அறிக்கை எழுதுவது எப்படி?

ஃபேஷன் மேனேஜ்மென்ட் படிக்கும் நீங்கள், சுயேச்சையான ஒரு பிரெஞ்சு பிராண்டை எடுத்துக்கொண்டு அதன் அடையாளம், இலக்கு வாடிக்கையாளர், போட்டியாளர் பற்றி அறிக்கை எழுத வேண்டும், அன்யெஸ் பே சரியாக வருமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக எடுங்கள். ஆனால் "சுயேச்சை" என்ற சொல்லைச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார வேண்டும். பாரிஸில் சிறிய, தனித்த பிராண்ட் போலத் தெரியும் பலவற்றுக்குப் பின்னால் ஒரு முதலீட்டு நிதி நிற்கும். 1994-இல் தொடங்கிய இசபெல் மரானில் 2016-இல் மோந்தேஃபியோர் என்ற நிதி பெரும்பான்மைப் பங்கு வாங்கியது. ஜான் துய்த்து 1987-இல் தொடங்கிய ஆ.பே.சே. (A.P.C.) 2023-இல் எல் கேட்டர்டன் என்ற முதலீட்டு நிதியின் கைக்குப் போனது. சாந்த்ரோ, மாழ், க்ளோதி பியர்லோ மூன்றும் எஸ்எம்சிபி என்ற ஒரே குழுமத்துக்குச் சொந்தம். அந்தக் குழுமம் 2017 முதல் பாரிஸ் பங்குச் சந்தையில் இருக்கிறது. அன்யெஸ் பே அப்படி இல்லை. 1970-களின் நடுவில் தொடங்கியதிலிருந்து நிறுவனர் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. பிரெஞ்சு நிறுவனப் பதிவுகளை பப்பேர்ஸ் தளத்தில் இலவசமாகத் தேடலாம். இயக்குநர்கள் யார் என்பது அங்கே தெரியும். கணக்கைப் பொதுவில் வைத்திருந்தால் விற்றுமுதலும் தெரியும். வலைப்பதிவுகளில் சுற்றும் விற்பனை எண்களை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.

அடையாளம் என்ற பகுதியில்தான் பெரும்பாலான மாணவர் அறிக்கைகள் சறுக்குகின்றன. "பாரிஸ் நேர்த்தி, எளிமை, காலத்தை வென்ற வடிவமைப்பு" என்று எழுதுவார்கள். அந்த வாக்கியத்தில் அன்யெஸ் பே என்பதை எடுத்துவிட்டு செசான் என்று போட்டுப் பாருங்கள், ஆ.பே.சே. என்று போட்டுப் பாருங்கள். வாக்கியம் அப்படியே நிற்கிறதா? நின்றால் அது இந்த பிராண்டைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை, அடித்துவிடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால், மிஞ்சுவதுதான் அடையாளம்.

அன்யெஸ் பே விஷயத்தில் நிறையவே மிஞ்சும். நிறுவனர் அன்யெஸ் த்ரூப்லே, 1941-இல் வெர்சாய் நகரில் பிறந்தவர். இளம் வயதில் மணந்துகொண்ட பதிப்பாளர் கிறிஸ்தியான் புர்க்வாவின் (Bourgois) பெயரிலிருந்துதான் அந்த "பே" வந்தது; b என்ற எழுத்தின் பிரெஞ்சு உச்சரிப்பு அது. எல் பத்திரிகையின் ஃபேஷன் பிரிவில் வேலை பார்த்தார்; பிறகு தோரத்தே பீஸ் நிறுவனத்துக்கு வடிவமைத்தார். முதல் கடையைத் திறந்தது பாரிஸ் லே ஆல் பகுதியில், ரூ த்யு ஜூர் என்ற சிறிய தெருவில், பழைய இறைச்சிக் கடை ஒன்றில். நகரத்தின் மொத்த விற்பனை உணவுச் சந்தை அங்கிருந்து 1969-இல் புறநகரான ரஞ்ஜீஸுக்கு இடம்பெயர்ந்த பிறகு அந்தப் பகுதியில் இப்படிக் கடைகள் கிடைத்தன. அங்கே அவர் விற்றவற்றில் பெயின்டர்களும் ஆலைத் தொழிலாளர்களும் போடும் வேலை உடைகள் முக்கியமானவை. அவற்றைச் சாயம் மாற்றி, நகரத்து ஆட்கள் போடும் உடையாக ஆக்கினார். உழைப்பவர் உடையை மரியாதையோடு எடுத்து, அதிகம் கை வைக்காமல் கொடுப்பது என்ற இந்தப் போக்கு அவருடைய எல்லாத் தொகுப்புகளிலும் ஓடுகிறது. அறிக்கையில் இதை முதலில் வையுங்கள்.

அடுத்து, 1979-இல் வந்த டிச் பட்டன் கார்டிகன். தலைவழியாக மாட்டும் ஸ்வெட் ஷர்ட்டை முன்பக்கம் நெடுக வெட்டித் திறந்து, கழுத்திலிருந்து கீழ்வரை நெருக்கமாக டிச் பட்டன் வைத்தார். ஃபிலீஸ் பருத்தித் துணி, வட்டக் கழுத்து, காலர் கிடையாது. நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் அதே உடை, வெவ்வேறு நிறங்களில், இன்றும் விற்கிறது. இந்த ஒரு உடைக்கு அறிக்கையில் ஒரு பக்கம் ஒதுக்கலாம். பிராண்டை விளக்க இதைவிடச் சிறந்த சான்று கிடையாது.

முடிந்தால் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், பக்கத்தில் ஏதாவது ஒரு நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். பனியன் வகைத் துணியில் டிச் பட்டன் அடிப்பது லேசான வேலை இல்லை. துணி இழுபடும், பட்டனோ இழுபடாது. உள்பக்கம் வலுவான நாடா கொடுத்துத் தைக்காவிட்டால், நாலு சலவையில் பட்டனைச் சுற்றித் துணி கிழிந்து வட்ட ஓட்டை விழும். கொடுத்த நாடாவும் ஃபிலீஸும் தண்ணீரில் ஒரே அளவு சுருங்காவிட்டால் முன்பட்டி அலை அலையாக நெளியும். பட்டன்களுக்கு இடையே தூரம் கூடினால் மார்புப் பகுதியில் வாய் பிளக்கும். செலவைக் குறைக்க விரும்பும் நகல்காரர் முதலில் கை வைப்பது பட்டன் எண்ணிக்கையில்தான். பட்டன்களை எண்ணுங்கள், இடைவெளியை அளவுநாடாவால் அளந்து மில்லிமீட்டரில் குறியுங்கள், பட்டியின் உள்பக்கத்தைப் புகைப்படம் எடுங்கள். "தரம் உயர்ந்தது" என்று எழுதுவதைவிட இந்த மூன்றும் ஆசிரியருக்கு அதிகம் சொல்லும்.

பணம் கொடுத்து விளம்பரம் செய்வதில்லை என்பது அன்யெஸின் பிடிவாதம். இதைப் பலர் கொள்கை என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். வணிகமாகப் பாருங்கள்: விளம்பரம் இல்லையென்றால் கடையும் அதன் காட்சிச் சாளரமுமே விளம்பரம். எனவே நல்ல தெருவில் வாடகை கொடுத்தாக வேண்டும். கலைஞர்களோடு இருக்கும் உறவும் அதே வேலையைச் செய்கிறது. 1984-இல் கலேரி த்யு ஜூர் என்ற கலைக்கூடத்தைத் திறந்தார். 1997-இல் கலைஞர் கிறிஸ்தியான் போல்தான்ஸ்கி, கண்காட்சி அமைப்பாளர் ஹான்ஸ் உல்ரிக் ஓபிரிஸ்ட் இருவரோடும் சேர்ந்து, இலவசமாக வழங்கும் ஒரு கலை இதழைத் தொடங்கினார். 2020-இல் பாரிஸ் 13-ஆம் வட்டாரத்தில் லா ஃபாப் என்ற கலை மையத்தைத் திறந்தார். பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி இவருடைய உடைகளை மேடையில் அணிந்தவர். 2003-இல் மகன் எத்தியேனோடு சேர்ந்து 36 மீட்டர் நீளமுள்ள தாரா என்ற பாய்மரக் கப்பலை வாங்கி, கடல் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்; இன்றைய தாரா கடல் அறக்கட்டளை அதிலிருந்து வளர்ந்தது. இவையெல்லாம் பின்னாளில் ஒட்டிவைத்த "சமூகப் பொறுப்பு" இல்லை. நிறுவனத்தின் பணம் பங்குதாரர்களுக்குப் போகாமல் எங்கே போகிறது என்பதைக் காட்டுகின்றன. சுயேச்சை என்பதற்கு நடைமுறைப் பொருள் இதுதான்.

வாடிக்கையாளர் பகுதியில் "18 முதல் 45 வயதுப் பெண்கள்" என்று எழுதாதீர்கள். முதலாவதாக, 1981 முதலே ஆண்களுக்கும் உடை இருக்கிறது. இரண்டாவதாக, இந்த பிராண்டுக்கு ஒன்றுக்கொன்று அதிகம் ஒத்துப்போகாத இரண்டு கூட்டங்கள் உண்டு.

பிரான்சில் வாங்குபவர் பெரும்பாலும் நடுவயதைத் தொட்டவர் அல்லது தாண்டியவர். ஆசிரியர், கட்டடக் கலைஞர், பதிப்புத் துறை, அருங்காட்சியகம் என்று பண்பாட்டோடு தொடர்புள்ள வேலை. லோகோ தெரியும் உடை அவருக்குப் பிடிக்காது. வருஷத்துக்கு ஓரிரண்டு வாங்குவார், பத்து வருஷம் போடுவார். ஜப்பான், ஹாங்காங், தைவானில் நிலைமை வேறு. அங்கே இளையவர்கள் அதிகம். பை, கைக்கடிகாரம், சிறு பொருள்கள் வழியாக உள்ளே வருகிறார்கள். ஹாங்காங்கில் அன்யெஸ் பே பெயரில் கஃபேக்களே இருக்கின்றன. பிரெஞ்சு வாடிக்கையாளர் கவனிக்காமல் கடந்துபோகும் அந்தக் கையெழுத்து லோகோவை இவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். இரண்டையும் ஒரே கற்பனை வாடிக்கையாளராகக் குழைத்தால் அறிக்கை அங்கேயே உடைந்துவிடும். இரண்டு தனி ஆட்களாக எழுதுங்கள்: வருமானம், எந்தப் பொருளில் தொடங்குகிறார், எங்கே வாங்குகிறார், அதற்கு முன் எந்தக் கடையில் பார்த்துவிட்டு வந்தார்.

அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில்தான் உங்கள் போட்டியாளர் பட்டியல். ஷனெல், தியோர் வேண்டாம். அங்கே வாங்குபவர் இங்கே விலை ஒப்பிட வருவதில்லை. பிராண்டுக்கு பிராண்ட் ஒப்பிடாமல் உடைக்கு உடை ஒப்பிடுங்கள். கோடு போட்ட டி-ஷர்ட்டுக்குப் போட்டி நார்மண்டியில் 1889-இல் தொடங்கிய சேன் ஜேம்ஸும் கேம்பேரில் 1938-இல் தொடங்கிய ஆர்மோர் லுக்ஸும். இரண்டுக்கும் சொந்த ஆலை உண்டு, கடற்படை உடையோடு தொடர்பும் உண்டு. அந்த உடைக்கு 1858-இல் வந்த அரசு ஆணை வெள்ளைக் கோடு 20 மில்லிமீட்டர், நீலக் கோடு 10 மில்லிமீட்டர் என்று அளவே குறித்திருந்தது. வரலாற்று உரிமையில் அவர்களை அன்யெஸ் பே வெல்ல முடியாது. ஆண்கள் ஜாக்கெட், ஜீன்ஸ் என்றால் ஆ.பே.சே. பெண்களின் கவுன், பிளவுஸ் என்றால் மொர்கான் செசலோரி 2013-இல் ஆன்லைனில் தொடங்கிய செசான். குறைந்த எண்ணிக்கையில் அடிக்கடி புதுச் சரக்கு விட்டு, தீர்ந்துவிடுமே என்ற அவசரத்தை உண்டாக்கி விற்பது அதன் வழி. டோக்கியோவில் பிரிட்டிஷ் பிராண்டான மார்கரெட் ஹாவெலையும் சேருங்கள். குறைந்த விலைப் பக்கத்திலிருந்து ஜப்பானின் யூனிக்லோ: பாரிஸ் வடிவமைப்பாளர் கிறிஸ்டோஃப் லமேரை வைத்தே யூனிக்லோ யூ தொகுப்பைக் கொண்டுவருகிறது. எளிய, நல்ல வெட்டுள்ள பருத்தி உடை அங்கே மிகக் குறைந்த விலையில் கிடைப்பது அன்யெஸ் பேவுக்குப் பெரிய நெருக்கடி என்பது என் கணிப்பு.

போட்டியாளர்களை இரண்டு அச்சுகளில் நிறுத்திக் காட்டும் வரைபடம் கேட்பார்கள். விலை ஒரு அச்சு, தரம் ஒரு அச்சு என்று போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தே ஏறும் என்பதால் எல்லாப் புள்ளிகளும் ஒரே சாய்கோட்டில் விழுந்து, படம் எதையும் காட்டாது. ஒரு அச்சில், தொகுப்பில் எவ்வளவு பங்கு பருவம் மாறியும் தொடர்கிறது என்பதை வையுங்கள். ஒவ்வொரு பிராண்டின் தளத்திலும் 40 பொருள்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, இணையக் காப்பகத்தில் ஓராண்டுக்கு முந்தைய பக்கத்தைத் திறந்து, எத்தனை அப்போதே இருந்தன என்று எண்ணினால் உங்களுக்கே சொந்தமான எண் கிடைத்துவிடும். இன்னொரு அச்சில் வாடிக்கையாளர் எந்த வழியாக வருகிறார் என்பது: ஒரு முனையில் கடை, மறுமுனையில் விளம்பரமும் சமூக ஊடகமும். பிரான்சில் தள்ளுபடிப் பருவம் சட்டப்படி ஆண்டுக்கு இரண்டு முறை, 2020 முதல் நான்கு வாரம் வீதம். அந்த வாரங்களில் எடுத்த விலையை ஒப்பீட்டில் கலந்துவிடாதீர்கள்.

பலவீனங்களையும் நேராக எழுதுங்கள். நடுத்தர விலை ஆடைச் சந்தை பிரான்சில் இறுகிக்கொண்டே வருகிறது. 2022 செப்டம்பரில் கமாயூ என்ற ஆடைக் கடைச் சங்கிலி மூடப்பட்டபோது ஏறக்குறைய 2,600 பேருக்கு வேலை போனது. அன்யெஸ் பே அதைவிட மேல்தட்டில் இருந்தாலும் காற்று அந்தப் பக்கமும் வீசுகிறது. பத்து வருஷம் உழைக்கும் உடையை விற்பவருக்கு, அதே ஆள் அடுத்து எப்போது வாங்க வருவார் என்பது நிரந்தரக் கவலை. பழைய உடைச் சந்தையான விண்டடில் அன்யெஸ் பேயின் பழைய கார்டிகன்களே புதியவற்றோடு போட்டி போடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, 1941-இல் பிறந்த ஒருவரின் கண்ணை நம்பி ஓடும் நிறுவனம் இது. பங்குகள் குடும்பத்துக்குள் கைமாறலாம். எந்தக் கார்டிகனை எந்த நிறத்தில் விடுவது, எந்த ஓவியரை நம்புவது என்ற தேர்வை யார் செய்வார் என்ற கேள்வியைப் பலவீனங்கள் பகுதியின் முதல் பத்தியாக வையுங்கள்.