ரோமானியப் பொற்காசுகளில் பேரரசரின் முகம் எதற்காக?

பொற்காசில் பேரரசரின் தலையைப் பொறித்தது அலங்காரத்துக்கா, அரசியலுக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். அரசியலுக்கே என்பதுதான் என் கருத்து. ரோம் நகரில் அச்சான காசுகளில், உயிரோடிருக்கும்போதே முகம் பொறிக்கப்பட்ட முதல் ரோமானியர் ஜூலியஸ் சீசர் (கி.மு. 44). அவருக்குப் பின் வந்த பேரரசர்கள் அதையே வழக்கமாக்கிக்கொண்டனர்.

25 வெள்ளி தெனாரியசுக்கு ஈடான 'ஔரியஸ்' பொற்காசில் இந்த அரசியல் எவ்வளவு நுட்பமாகச் செயல்பட்டது என்பதற்கு நீரோவின் காசுகளே நல்ல சான்று. கி.பி. 54இல் பதினாறு வயதில் அவர் அரியணை ஏறியபோது வெளிவந்த காசில், அவரும் தாய் அக்ரிப்பினாவும் சம அளவில் எதிரெதிரே நோக்குகின்றனர். முகப்பைச் சுற்றியுள்ள வாசகமோ தாயின் பட்டங்களைச் சொல்ல, மகனின் பெயர் பின்புறத்துக்குப் போய்விடுகிறது. அடுத்த ஆண்டே இருவரும் ஒரே திசையை நோக்க, நீரோ முன்னால் வர, தாயின் முகம் அவருக்குப் பின்னால் பாதி மறைந்துவிடுகிறது. முகப்பு வாசகமும் மகனுடையதாகிறது. விரைவில் தாய் காசிலிருந்தே நீங்கினார். 59இல் மகனின் ஆணையால் கொல்லப்பட்டார். பிற்காலக் காசுகளில் நீரோவின் தடித்த கழுத்தும் சுருட்டிய முடியும் ஒளிவுமறைவின்றித் தெரிகின்றன. 64இல் அவர் காசின் எடையையும் குறைத்தார்.

எல்லைக்கு அப்பால் அந்த முகத்துக்கு இதே மதிப்பு இருக்கவில்லை. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளிவெட்டு உள்ளது. அவை மீண்டும் நாணயமாகப் புழங்காமல் பொன்னாகவே கொள்ளப்பட வேண்டும் என்பதற்காக வெட்டப்பட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.