பில்லட் நடந்து வந்த ஒன்பது விநாடி

கேள்வி: பீன்யாவில் ஒரு ஃபோர்ஜிங் பட்டறையில் (காய்ச்சிய உலோகத்தை அச்சில் அழுத்தி உருவம் கொடுக்கும் இடம்) டை, அதாவது அந்த அச்சு, டிசைனராக இருக்கிறேன். பாதி ஸ்டீல், பாதி அலுமினியமாக ஒரு ஃபிளாஞ்ச் ஷாஃப்ட் (தட்டு மாதிரி விளிம்புள்ள தண்டு) செய்து தரச் சொல்லி வந்தார்கள். 40 மி.மீ. ஈ.என்.8 ஸ்டீல் துண்டையும் 6082 அலுமினியத் துண்டையும் ஃப்ரிக்‌ஷன் வெல்டிங்கில் (ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கி ஒட்டும் முறை) ஒட்டினோம். ஸ்டீல் பக்கம் 900 டிகிரி, அலுமினியப் பக்கம் 450 டிகிரி என்று கொடுத்து கம்ப்யூட்டரில் சிமுலேஷன் ஓட்டினேன். டை முழுக்க நிரம்புவதாகக் காட்டியது. டிரையலில் மூன்று துண்டும் ஒட்டிய இடத்திலேயே பிளந்துவிட்டன. படத்தை நம்பி டை வெட்டினோமே என்று முதலாளி வருத்தப்படுகிறார். சிமுலேஷனை நம்பலாமா, கூடாதா?
- வாசகர், பெங்களூரு-58

பதில்: நம்பலாம் தம்பி. ஆனால் அதனிடம் நீங்கள் சொல்லாமல் விட்ட விஷயங்கள் இரண்டு இருக்கின்றன.

முதலில் சூடு. ஒரே துண்டில் 900-ம் 450-ம் கோடு கிழித்த மாதிரி பிரிந்து நிற்காது. அலுமினியம் ஸ்டீலைவிட மூன்று நான்கு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். ஒட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அலுமினியம் ஸ்டீலின் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். 6082 உருக ஆரம்பிப்பதே 600 டிகிரிக்குக் கீழேதான். ஹீட்டரிலிருந்து எடுத்து பிரஸ்ஸில் வைப்பதற்குள் அந்த இடம் குழைந்து போயிருக்கும்.

பீன்யாவில் 26 வருடம் டை வேலை பார்த்தவன் நான். ஒருமுறை வெறும் ஸ்டீல் ஹப் ஒன்றுக்கு மூலை நிரம்பவே இல்லை. படத்தில் நிரம்பியிருந்தது. டையை இரண்டு தடவை திருத்தினோம், பலனில்லை. கடைசியில் ஒரு ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு ஷாப் ஃப்ளோரில் போய் நின்றேன். பில்லட் (அடிக்கப்போகும் உலோகத் துண்டு) ஹீட்டரை விட்டு இறங்கி டைக்கு வர ஒன்பது விநாடி. சிமுலேஷனில் நான் கொடுத்திருந்தது இரண்டு. அதைத் திருத்தி ஓட்டினேன். மூலை நிரம்பாதது அப்படியே திரையில் வந்தது. ஒரே உலோகத்துக்கே இப்படி என்றால் உங்கள் துண்டுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே ஃபோர்ஜிங்கை மட்டும் ஓட்டாதீர்கள். மின்சுருளில் சூடேற்றுவதையும், துண்டு நடந்து வரும் நேரத்தையும் சேர்த்து ஓட்டுங்கள். ஒட்டுக்கு இரண்டு பக்கமும் சின்ன துளை போட்டு தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி) வைத்து, ஒரு பில்லட்டை வீணாக்கினாலும் பரவாயில்லை, உண்மையான சூட்டை அளந்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் ஹனோவர் லைப்னிட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2015 முதல் இதே வேலையைத்தான் செய்கிறார்கள்: முதலில் ஒட்டுவது, அப்புறம் ஃபோர்ஜ் செய்வது. இண்டக்‌ஷனில் (மின்சுருளால் சூடேற்றும் முறை) ஸ்டீல் பக்கத்தை மட்டும் வேகமாகக் காய்ச்சி, அலுமினியத்தைக் குறைந்த சூட்டில் வைக்கிறார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தத்தில் அசைய வேண்டும் என்பதுதான் கணக்கு. அலுமினியம் மட்டும் இளகிவிட்டால் அது பக்கவாட்டில் ஓடும், ஸ்டீல் நின்றுவிடும், ஒட்டு கிழியும்.

இரண்டாவது, அந்த ஒட்டு. 'ஒட்டியே இருக்கும்' என்று கொடுத்திருப்பீர்கள். அப்படிக் கொடுத்தால் எத்தனை டன் அடித்தாலும் படத்தில் பிரியாது. வெல்டிங் செய்த துண்டிலிருந்தே இழுவைச் சோதனைக்குச் சாம்பிள் வெட்டி, சாதாரண சூட்டிலும், 300, 400 டிகிரியிலும் இழுத்துப் பாருங்கள். எந்த அழுத்தத்தில் பிரிகிறதோ அதைக் கொடுங்கள். ஒட்டு இருக்கும் இடத்தில் உலோகம் எல்லாப் பக்கமும் அமுங்கியே இருக்கும்படி டையை மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். வெளிப்பக்கம் ஒரு சுவர் மாதிரித் தாங்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மூன்று துண்டையும் ஸ்கிராப்பில் போட்டுவிடாதீர்கள். பிளந்த முகத்தைப் பாருங்கள். ஸ்டீல் பக்கத்தில் அலுமினியம் அப்பிக்கொண்டிருந்தால் ஒட்டு நல்ல ஒட்டு, அலுமினியம்தான் கிழிந்திருக்கிறது. முகம் தட்டையாக, சாம்பல் நிறத்தில், கண்ணாடி மாதிரி உடைந்திருந்தால் இரும்பும் அலுமினியமும் கலந்த நொறுங்கும் படலம் தடித்துவிட்டது என்று அர்த்தம். சூடும் நேரமும் கூடக்கூட அது வளரும். சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும்வரை தாங்கும். அப்படியானால் டை மேல் குற்றமில்லை, காய்ச்சும் நேரத்தைக் குறையுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் வருவதற்கு முன் உலோகம் ஓடுவதை எப்படிப் பார்த்தார்கள்?
- பாலிடெக்னிக் மாணவி, அல்சூர்

பதில்: பிளாஸ்டிசின் களிமண்ணில், அம்மா. இரண்டு நிறத்தை அடுக்கடுக்காக வைத்து, மரத்திலோ அக்ரிலிக்கிலோ செய்த டையில் அழுத்தி, குறுக்கே வெட்டினால் எந்த அடுக்கு எங்கே ஓடியது என்று கண்ணுக்குத் தெரியும். எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் அடித்தால் உலோகம் விரிசல் விடாது என்று வரைபடமாகக் காட்டும் முறையை வளர்த்ததில் நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் ஒய்.வி.ஆர்.கே. பிரசாத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அது 1980-களில். களிமண் சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். அவென்யூ ரோட்டு ஸ்டேஷனரிக் கடையில் இரண்டு நிறம் வாங்கி, அழுத்திய பின், வெட்டும் முன், அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெட்டும்போது நிறம் இழுபடாது.