கறுப்புத் துணிக்கு அடியில்

வணக்கம் ஐயா,

சென்ற வாரம் தாங்கள் வேல்ஸ் நாட்டுக் கவிஞர் ஹேத் வின் பற்றி எழுதிய சிறு குறிப்பை வாசித்தேன். 1917இல் நடந்த கவிதை விழாவில் வென்றவரை மும்முறை அழைத்தார்கள், கூட்டத்திலிருந்து யாரும் எழவில்லை, அவர் முதல் உலகப் போரின் களத்தில் இறந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன, அவருக்கான நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வாசித்த இரவு மனம் கனத்தது. மறுநாள் காலையில் ஓர் ஐயம். இந்தப் புகழ் கவிதைக்குக் கிடைத்ததா, சாவுக்குக் கிடைத்ததா? அவர் உயிரோடு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், அந்த ஆண்டுப் பரிசாளர் என்ற ஒற்றை வரியோடு முடிந்திருக்காதா? இளமையில் இறந்தவர்களுக்கு ஒரு படி கூட்டி அளக்கும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறதே.

இன்னொன்று. பெயரிலேயே அமைதியை வைத்திருந்தவர் சீருடை அணிந்து துப்பாக்கி தூக்கியது எப்படி? தாங்களும் அவரை ஆங்கிலம் வழியாகத்தான் படித்திருப்பீர்கள். மூலத்தின் ஒலி தெரியாத ஒரு கவிஞரை எந்த உரிமையில் கொண்டாடுவது? தவறாக எண்ண வேண்டாம், வாசிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் கேட்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கே.
திருநெல்வேலி

அன்புள்ள கே.,

தவறாக எண்ண என்ன இருக்கிறது? அந்தக் குறிப்பைத் திரும்பப் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. துணியைப் பற்றி நாலு வரி எழுதியவன், அந்த மனிதர் எழுதிய ஒரு வரியைக்கூடச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். உங்கள் ஐயத்துக்கு வித்திட்டவன் நான்தான்.

நாற்காலிக் கணக்கிலிருந்து வருகிறேன். வேல்ஸ் மக்களின் கவிதை, இசைப் போட்டி விழாவுக்கு ஐஸ்தெத்வொத் என்று பெயர். ஊருக்கு ஊர் சிறிதாக நடக்கும். ஆண்டுக்கொரு முறை தேசிய அளவில் பெரிதாக நடக்கும். மரபு யாப்பில் நெடும்பாடல் எழுதி வெல்பவருக்குப் பரிசு ஒரு நாற்காலி. பட்டப்பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். தச்சர் செய்த, சாய்ந்து உட்காரக்கூடிய, வண்டி பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய மர நாற்காலியேதான்.

ஹேத் வின்னின் இயற்பெயர் எலிஸ் ஹம்ஃப்ரி எவன்ஸ். 1887 ஜனவரி 13 அன்று வடக்கு வேல்ஸின் த்ரௌஸ்வனித் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அதே ஊரில் அர் அஸ்கூர்ன் என்ற பண்ணை வீட்டுக்குக் குடிபோனது. 14 வயதில் பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு ஆடுகள், மலைச்சரிவு, பாட்டு. 1907இல் பாலா என்ற ஊரில் முதல் நாற்காலியை வென்றார். 1913இலும் 1915இலும் வேறு ஊர்களில் மேலும் சில. 1916இல் அபரிஸ்ட்வித்தில் நடந்த தேசிய விழாவில் இரண்டாம் இடம். அதாவது, கறுப்பு நாற்காலிக்கு முன்பே வீட்டில் நாற்காலிகள் சேர்ந்துவிட்டன. பெரிய நாற்காலிக்கு ஒரே ஒரு படி கீழே வந்து நின்றவர், அடுத்த ஆண்டு எழுதாமல் இருப்பாரா?

1917ஆம் ஆண்டுக்கான தலைப்பு ‘வீரன்’. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் லிவர்பூலுக்கு அருகே லிதர்லாந்து முகாமில் போர்ப்பயிற்சியில் இருந்தார். உழவுக்கு ஆள் பற்றாக்குறை வந்ததால் விவசாயக் குடும்பத்துச் சிப்பாய்களைச் சில வாரம் ஊருக்கு அனுப்பினார்கள். இவருக்கு ஏழு வாரம் கிடைத்தது. உழவுக்கென்று கொடுத்த விடுப்பில் பெரும்பகுதியைப் பாட்டுக்குச் செலவழித்தார். (அரசாங்கத்தின் நோக்கம் இதுவல்ல என்பது தெரிகிறது.) பிறகு பிரான்ஸ். ஃப்ளெஷான் என்ற சிற்றூரில் படை தங்கியிருந்தபோது ஜூலை நடுவில் பாடலை முடித்து, ‘ஃப்ளர் தெ லி’ என்ற புனைபெயரில் தபாலில் அனுப்பினார். ஜூலை 31 அன்று பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்கு அருகே பில்கெம் மேட்டில் தாக்குதல் தொடங்கியது. பாஷன்டேல் என்று பின்னால் பெயர் பெற்ற நீண்ட போரின் முதல் நாள் அது. குண்டுச் சிதறல் பாய்ந்து அன்றே இறந்தார். வயது 30. அதே நாளில், அதே வட்டாரத்தில், ஃபிரான்சிஸ் லெட்விஜ் என்ற அயர்லாந்துக் கவிஞரும் இறந்தார். இருவரும் இன்று ஒரே இடுகாட்டில் கிடக்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு முதல் பதில் இங்கே இருக்கிறது. போட்டி விதிப்படி நடுவர்களுக்கு முன் வருவது பாடலும் ஒரு புனைபெயரும் மட்டுமே. எழுதியவர் மேய்ப்பரா, சிப்பாயா, இருக்கிறாரா, இறந்தாரா என்பது தாளில் இருக்காது. தகுதியான பாடல் வராவிட்டால் நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்திவைப்பதும் உண்டு. இரக்கத்துக்கு அங்கே நுழைய வழியே இல்லை. செப்டம்பர் 6 அன்று, விழா நடந்த பர்கன்ஹெட்டில் (லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள ஊர்), பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் உட்கார்ந்திருந்த அரங்கில், நடுவரான கவிஞர் டி. க்வின் ஜோன்ஸ் ‘ஃப்ளர் தெ லி’ வென்றதாக அறிவித்தார். எக்காளம் ஊதி, எழுந்து நிற்கும்படி மும்முறை அழைத்தார்கள். துணி அதற்குப் பிறகு வந்தது.

நாற்காலியைச் செய்தவர் யூஜீன் வான்ஃப்ளெட்டரன். பெல்ஜியத்தின் மெக்கலன் நகரத்துக்காரர், போருக்குத் தப்பிப் பர்கன்ஹெட்டில் அடைக்கலம் புகுந்த தச்சர். பெல்ஜியத்திலிருந்து ஓடிவந்தவர் செதுக்கிய நாற்காலி. உட்கார வேண்டியவர் பெல்ஜிய மண்ணுக்கு அடியில். கதையில் நான் இப்படி எழுதியிருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பரிசு வாங்கித் தந்த ‘வீரன்’ எனக்கு அவ்வளவு நெருக்கமான பாடல் அல்ல. அவருக்கு ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி மீது தீராத பற்று. புயல்களின் மகள், நெருப்பைக் கொண்டுவரும் கிரேக்கப் புராணத்துப் புரோமிதியஸ் சாயலில் ஒரு வீரன் என்று பாட்டு முழுக்கக் குறியீடுகள். மொழிபெயர்ப்பில் அது மூச்சு வாங்குகிறது. விழாவுக்கு உடுத்திய பட்டு அது. அவருடைய சின்னப் பாடல்களில்தான் என் மனம் தங்குகிறது.

அப்படியானால் மூல ஒலி? நீங்கள் சரியான இடத்தில் கை வைத்தீர்கள். எனக்கு வேல்ஸ் மொழி தெரியாது. ஆனால் அந்த யாப்பு காதுக்கு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். நாற்காலிப் பாடல் முழுவதும் கங்ஹானெத் என்ற கட்டுப்பாட்டில் நடக்க வேண்டும். சொல்லுக்குப் பொருள் ஒத்திசைவு. அதில் பல வகை. ஒரு வகையில் அடியின் முதல் பாதியில் மெய்யெழுத்துகள் எந்த வரிசையில் வருகின்றனவோ, அதே வரிசையில் இரண்டாம் பாதியிலும் வர வேண்டும். உயிர் மட்டும் மாறலாம்.

ஹேத் வின் இறந்ததும் ஆர். வில்லியம்ஸ் பாரி என்ற கவிஞர் பாடிய கையறுநிலையில் ஓர் அடி இப்படி ஒலிக்கும்: ‘எ பார்த் த்ரூம் தன் ப்ரித் த்ராமோர்’. அயல்நாட்டு மண்ணுக்கு அடியில் கனத்துக் கிடக்கும் கவிஞன் என்பது பொருள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘பார்த் த்ரூம்’ என்பதில் ப, ர, த, த, ர, ம. ‘ப்ரித் த்ராமோர்’ என்பதிலும் ப, ர, த, த, ர, ம. கவிஞனுக்குரிய சொல்லும் மண்ணுக்குரிய சொல்லும் ஒரே எலும்புக்கூட்டில் நிற்கின்றன. ஆங்கில மொழிபெயர்ப்பில் மண் மண்ணாகவும் கவிஞர் கவிஞராகவும் தனித்தனியே கிடப்பார்கள்.

நமக்கு மோனை முதலெழுத்தில் நின்றுவிடும், எதுகை இரண்டாம் எழுத்தில் நின்றுவிடும். தமிழில் இதைச் செய்ய முடியுமா என்று ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். ‘மலை நீர், மாலை நேரம்’ என்று ஒரு துண்டு தேறியது. ம, ல, ந, ர. மறுபடியும் ம, ல, ந, ர. கடைசி மகரம் மிச்சம். பாரியின் அடியிலும் கடைசி ரகரம் மிச்சம்தான். நான்கு சொல்லுக்கே எனக்கு ஒரு மாலை ஆயிற்று. அந்த மனிதர் இதே கட்டில் பக்கம் பக்கமாக எழுதினார், கடைசிப் பகுதியைப் படைமுகாமில் வைத்து முடித்தார். என் கொண்டாட்டத்துக்கு இந்த அளவு உரிமை போதும் என்று நினைக்கிறேன்.

சீருடை விஷயம். ‘ஹேத்’ என்றால் அமைதி, ‘வின்’ என்றால் வெண்மை, தூய்மை. இந்தப் பெயர் 1910இல் கவிஞர்கள் கூடிய ஒரு சடங்கில் சூட்டப்பட்டது. பள்ளத்தாக்கின் மூடுபனியை ஊடுருவும் வெயிலைப் பார்த்துத் தோன்றிய பெயர் என்பார்கள். போருக்கு நான்கு ஆண்டு முந்தையது. அரசியல் முழக்கம் அல்ல. 1916இல் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்தபோது அந்த வீட்டிலிருந்து ஒரு மகன் போயாக வேண்டும் என்றானது. தம்பி ராபர்ட் போக வேண்டிய இடத்துக்கு அண்ணன் போனார். பிரான்ஸிலிருந்து எழுதிய கடிதத்தில் வானிலை கனம், ஆன்மா கனம், இதயம் கனம், சங்கடமான மும்மை இது என்று எழுதினார். போரை விரும்பிப் போனவர் பேசுகிற பேச்சா இது?

‘போர்’ என்று அவருக்கு ஒரு சிறு பாடல் இருக்கிறது. இப்படிப்பட்ட கொடுங்காலத்தில் வாழ நேர்ந்ததே என்று தொடங்கி, கடவுள் தொலைதூர அடிவானத்தில் கடலோதம்போல வற்றிப் போகிறார் என்கிறது. முடிவில், பழைய யாழ்கள் வில்லோ மரக்கிளைகளில் தொங்குகின்றன. காற்று முழுக்கப் பையன்களின் கூக்குரல், மழையோடு கலந்து அவர்கள் குருதி. வேல்ஸ் மொழியில் கூக்குரலுக்கு ‘க்வாய்த்’, குருதிக்கு ‘க்வாய்ட்’. ஓர் எழுத்துதான் வேறுபாடு. காற்றில் கேட்டதே மழையில் சிவந்து இறங்குகிறது. இதை நான் தமிழாக்கியபோது முதலில் அலறல், இரத்தம் என்று எழுதிவைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் கூக்குரலும் குருதியும் அகப்பட்டன. மோனையாவது மிஞ்சியது.

ஊர் அவரை எப்படி நினைவில் வைத்தது என்பதையும் பாருங்கள். 1923இல் த்ரௌஸ்வனித்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். திறந்துவைத்தவர் தாயார் மேரி எவன்ஸ். இறந்தது சிப்பாயாக, சிலையில் நிற்பவர் மேய்ப்பர். வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று அந்தத் தாய் கேட்டுக்கொண்டாராம். பேரன் ஜெரால்ட் வில்லியம்ஸ் கிழவர் ஆகும்வரை அதைக் காப்பாற்றினார். 2012இல் ஸ்னோடோனியா தேசியப் பூங்கா வீட்டை வாங்கியது. நாற்காலி அங்கேதான் இருக்கிறது.

உயிரோடு திரும்பியிருந்தால் புகழ் குறைந்திருக்குமா என்ற உங்கள் கேள்வி மிச்சம். குறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன். வேல்ஸுக்கு வெளியே அவரை யாரும் அறிந்திருக்க மாட்டார்கள், நீங்களும் நானும் உட்பட. ஆனால் 1918இல் அவர் இல்லாமல் ‘மேய்ப்பனின் பாடல்கள்’ என்ற பெயரில் வந்த ஒரே தொகுப்புக்கு அடுத்ததாக இன்னும் நாலைந்து வந்திருக்கும். எனக்கு அந்தப் பேரம் சம்மதம்.

தொடங்க வேண்டிய இடம் ‘நினைவு’ என்ற நான்கு அடிப் பாடல். எதுகைக்காகப் பொருளை வளைக்காமல் என் தமிழில் தருகிறேன்:

வேறொன்றுமில்லை,
மொட்டை மலை விளிம்பில்
ஊதா நிலா;
பள்ளத்தாக்கில் பாடுகிறது
பழைய ப்ரசோர் ஆறு.

ப்ரசோர் அவர் ஊர்ப்பக்கத்துச் சிற்றாறு. நான்கு அடி ஐந்தாகிவிட்டது; குறை மூலத்துடையதல்ல.

அன்புடன்.