ஒரே சுறாத் தாடை, இரண்டு அர்த்தம்: யார் பக்கம் நிற்பது?

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பேசியும் பகடை உருட்டியும் கதை நடத்தும் உங்கள் காசிமேட்டு ரோல்பிளே குழுவில், கரை ஒதுங்கிய சுறாத் தாடையைக் கடல் தெய்வத்தின் அழைப்பு என்கிறார் கடல்குடிக் கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்). மலைக்குடிப் பாலடின் (புனிதப் போர்வீரர் பாத்திரம்) அதையே சாபம் என்கிறார். கதையை நடத்தும் கேம் மாஸ்டரான நீங்கள் யார் பக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். யார் பக்கமும் வேண்டாம். தீர்ப்பு சொன்ன நிமிடமே ஆட்டம் சப்பென்று ஆகிவிடும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்காக 2004-ல் வந்த எபரான் என்ற கற்பனை உலகத்தில் தெய்வங்கள் நேரில் நடமாடுவதில்லை. டிவவ்ரர் என்ற கடல், புயல் தெய்வத்தைப் பலர் தீயது என்று ஒதுக்க, ட்ரோவாம் நாட்டு அரக்கர்கள் கும்பிடுகிறார்கள். மந்திரம் இரு தரப்புக்கும் பலிக்கிறது.

சரி, அழைப்பு உண்மை என்று யார் சொல்வது? இதில்தான் சுவாரசியமே. ஆடியில் கூழ் ஊற்றும்போது ஒருவர் மேல் சாமி வந்தால் நம் தெரு உடனே நம்பிவிடுகிறதா? 'வந்திருப்பது யாரு?' என்று கேட்பார்கள், குறி கேட்பார்கள், கையில் கற்பூரம் ஏற்றுவார்கள். அப்போதும் நம்பாத பெரியம்மா ஒருவர் இருப்பார். அவரைக் கட்டாயம் கதையில் சேருங்கள். கடல்குடிக்கு இப்படி ஊரே சாட்சி. மலைக்குடிக்கோ தனியே குகையில் படுத்துக் கனவு வர வேண்டும் என்று வையுங்கள். பாலடின் இந்தக் கூட்டத்தைப் பார்த்து மிரளட்டும். தாடையை எரிப்பதா, கோயிலில் தொங்கவிடுவதா என்பதைப் பகடை உருட்டாமல் பேசியே முடிக்கச் சொல்லுங்கள்.