மார்மன் மிஷனரிகளின் ஒரு நாள்: தைச்சுங் நகரில் நான் பார்த்தது

பெயர்ப்பட்டை அணிந்து வெளிநாட்டுத் தெருக்களில் இரண்டிரண்டு பேராகச் சுற்றும், மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் இளம் மிஷனரிகள் நாள் முழுவதும் என்ன செய்கிறார்கள், மக்களுக்கு எப்படிப் போதிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் அல்ல. சேரும் எண்ணமும் எனக்கு வந்ததில்லை. கணவரின் ஆராய்ச்சிப் பணிக்காகத் தைவானின் தைச்சுங் நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்தோம். எங்கள் குடியிருப்புக்கு அருகில் அந்தச் சபையின் மிஷனரிப் பெண்கள் தங்கியிருந்தார்கள். சீன மொழியில் நான் தட்டுத்தடுமாறிய காலத்தில், ஆங்கிலம் பேசக்கூடிய அவர்களோடு ஏற்பட்ட பழக்கம் பல மாலைப்பொழுதுகளாக நீண்டது. அதிகம் பழகியது இருவரோடு. ஒருத்தி அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பெண், இன்னொருத்தி தைனானைச் சேர்ந்த தைவானியப் பெண். இந்தப் பதில் பெரும்பாலும் அவர்களைப் பற்றியதுதான்.

சபையின் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவியது. மார்மன் என்ற பெயரைத் தவிர்க்கும்படி அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018ல் கேட்டுக்கொண்டார். உங்கள் கேள்வியில் அந்தப் பெயர் இருப்பதால் தலைப்பில் வைத்திருக்கிறேன். தைவானுக்கு இவர்களின் மிஷனரிகள் 1956ல் வந்தார்கள். மிஷனரியாகும் குறைந்தபட்ச வயதை 2012ல் ஆண்களுக்கு 19லிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21லிருந்து 19 ஆகவும் குறைத்தார்கள். அதன் பிறகு பெண்கள் பெருந்தொகையாக முன்வந்தார்கள். பணிக்காலம் ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு. சம்பளம் கிடையாது. பெரும்பாலும் குடும்பத்தின் பணமும் அவரவர் சேமிப்பும்தான். எந்த நாட்டுக்குப் போவது என்பதைச் சபைதான் முடிவுசெய்யும். அனுப்பும் கடிதம் வரும்வரை, போகப்போவது பிரேசிலா ஜப்பானா என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

காலை ஆறரைக்கு எழ வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி. குளியல், சிற்றுண்டிக்குப் பிறகு எட்டு மணியளவில் தனியாக வேதம் படிப்பது, பிறகு இருவரும் சேர்ந்து படிப்பது, பிறகு மொழிப் பாடம். பத்து மணியளவில் சைக்கிளை எடுத்தால் இரவு ஒன்பது மணி வரை வெளியில்தான். திரும்பியதும் மறுநாளுக்கான திட்டம், பத்தரைக்கு விளக்கணைப்பு. 2017 முதல் இந்த நேரங்களை இடத்துக்கேற்ப ஓரளவு மாற்றிக்கொள்ளலாம் என்று ஆனது. ஆனாலும் நான் பார்த்த பெண்கள் கடிகாரத்தை விட்டு விலகியதில்லை. தொலைக்காட்சி, சினிமா கிடையாது. காதல் கிடையாது. நீந்தக்கூடாது. தீவு நாட்டில் வாழ்ந்துகொண்டு கடலில் இறங்க முடியாதது ஐடஹோ பெண்ணுக்குப் பெரிய ஏக்கமாக இருந்தது. தைச்சுங்கின் ஆகஸ்டு வெயிலில் பாவாடையும் ஹெல்மெட்டுமாக அவர்கள் சைக்கிள் மிதிப்பதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்காது. பெண் மிஷனரிகள் கால்சட்டை அணியலாம் என்று 2018 இறுதியில் அனுமதி வந்ததில் எனக்குத்தான் அதிக நிம்மதி என்று நினைக்கிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கதவு தட்டுவதுதான் இவர்களின் பெரிய கஷ்டமாகத் தெரியும். நான் பார்த்தவரை அதைவிடக் கடினமானது துணையோடு வாழ்வது. துணையை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மிஷன் தலைவர் இணைத்துவிடுகிறார். குளியலறையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும், எல்லா நேரத்திலும் ஒருவர் பார்வையில் மற்றவர் இருக்க வேண்டும். கோபித்துக்கொண்டு தனியே நடந்துவிட்டு வர வழியில்லை. தோழியிடம் போய்ப் புலம்ப முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் அறிவிப்பு வரும். பிடித்துப்போன துணை பிரிந்து போகலாம், பிடிக்காத துணை இன்னும் ஆறு வாரம் தொடரலாம். பத்தொன்பது வயதில் வேறு நாடு, வேறு மொழி, வேறு குணம் கொண்ட ஒருத்தியோடு இப்படி வாழ்வது எளிதல்ல. திருமணமாகி மாமியார் வீட்டுக்குப் போன முதல் ஆண்டை நினைத்தால் எனக்கு இது கொஞ்சம் புரிகிறது. எங்கள் தெருவில் இருந்த அந்த இருவருக்கும் முதல் சில வாரங்கள் ஒத்துப்போகவில்லை. ஐடஹோ பெண் எதையும் வெளிப்படையாகப் பேசித் தீர்க்க நினைப்பாள். தைனான் பெண்ணுக்கு அது சண்டைக்கு இழுப்பதாகத் தோன்றும். வாரம் ஒருமுறை இருவரும் அமர்ந்து மனக்குறைகளைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதும் அவர்களுடைய ஒழுங்குகளில் ஒன்று. அதில்தான் மெல்ல மெல்லச் சீரானார்கள்.

தைவானில் வீட்டுக்கு வீடு போவதைவிடச் சாலையில் பேசுவதே அதிகம். அங்கே எல்லோரும் ஸ்கூட்டரில்தான் போவார்கள். சிவப்பு விளக்கில் எத்தனை வினாடி பாக்கி என்று எண் ஓடும். அந்த நேரத்துக்குள் பக்கத்து ஸ்கூட்டர்காரரிடம் வணக்கம் சொல்லி, தங்களை அறிமுகப்படுத்தி, இலவச ஆங்கில வகுப்புக்கு அழைத்து, ஒரு அட்டையையும் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலோர் சிரித்துத் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். யாரும் திட்டி நான் கேட்டதில்லை. ஆனால் நாள் முழுவதும் மரியாதையாக மறுக்கப்படுவதும் மனத்தைத் தேய்க்கும். ஆங்கில வகுப்புக்குச் சபைக் கட்டடத்தில் நல்ல கூட்டம் வரும். இறுதியில் சில நிமிடம் விசுவாசம் பற்றிப் பேசுவார்கள். அதற்கு முன் எழுந்து போகிறவர்களைத் தடுக்க மாட்டார்கள்.

இனி போதனை. அமெரிக்க மிஷனரிகளில் பலருக்கு யூட்டா மாநிலத்தின் பிரோவோ நகரில் பயிற்சி நடக்கிறது. சீன மொழி கற்பவர்களுக்குச் சுமார் ஒன்பது வாரம். சொற்ப நாட்களிலேயே, சபையைப் பற்றி விசாரிக்க வந்தவர்போல் நடிக்கும் ஆசிரியருக்கு அரைகுறைச் சீனத்தில் பாடம் நடத்த வைத்துவிடுகிறார்கள். அப்போது அவர்களிடம் 2004ல் வந்த கையேடு ஒன்று இருந்தது. அதில் பாடங்கள் வகுக்கப்பட்டிருந்தன: இயேசுவின் ஆதிச் சபை ஜோசப் ஸ்மித் வழியாக மீண்டும் நிறுவப்பட்டது, பிறப்புக்கு முன்னும் இறப்புக்குப் பின்னும் மனிதனுக்கு என்ன நடக்கிறது, இயேசுவின் சுவிசேஷம், கட்டளைகள். மனப்பாடமாக ஒப்பிப்பதில்லை. எதிரில் இருப்பவரைப் பார்த்து வரிசையை மாற்றிக்கொள்கிறார்கள். ஒருத்தி சிறிது பேச, மற்றவள் அங்கிருந்து எடுத்துக்கொள்வாள்.

என்னை வியக்கவைத்தது, அவர்கள் வாதம் செய்யாததுதான். நான் எத்தனையோ முறை மடக்கிக் கேட்டிருக்கிறேன். பைபிளோடு அவர்கள் வேதமாகக் கொள்ளும் மார்மன் புஸ்தகம் பொறிக்கப்பட்டிருந்ததாகச் சொல்லும் தங்கத் தகடுகள் இப்போது எங்கே என்றேன். தேவதூதர் திரும்பப் பெற்றுக்கொண்டதாக நம்புவதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் நிரூபிக்க முயலவில்லை. அவர்கள் கேட்பது வேறு. இந்த அதிகாரத்தைப் படியுங்கள், இது உண்மையா என்று கடவுளிடமே கேளுங்கள், பரிசுத்த ஆவி பதில் தருவார். மார்மன் புஸ்தகத்தின் கடைசி அதிகாரத்தில் வரும் வாக்குறுதி அது. ஒவ்வொரு சந்திப்பும் ஏதாவது ஒரு சம்மதத்தில் முடியும்: படிப்பீர்களா, ஜெபிப்பீர்களா, ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா. ஞானஸ்நானம் பெறுவீர்களா என்ற கேள்விகூட ஆரம்பச் சந்திப்புகளிலேயே வந்துவிடும். அடுத்த முறை வரும்போது மறக்காமல், படித்தீர்களா என்று கேட்பார்கள். மனத்தில் எழும் அமைதி ஒரு வரலாற்றுச் செய்தியை உண்மையாக்கிவிடாது என்பது என் கருத்து; அதை அவர்களிடமும் சொன்னேன். ஆனால் தான் நம்புவதைச் சொல்லிவிட்டு, நீயே சோதித்துப் பார் என்று விட்டுவிடும் அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன்.

தைவானில் இரண்டு இடங்களில் இந்தப் போதனை முட்டிக்கொள்ளும். ஒன்று தேநீர். ஞான வார்த்தை என்ற கட்டளைப்படி மது, புகையிலை, காபி, தேநீர் நான்கும் கூடாது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தேநீர் ஊற்றும் ஊர் அது. அவர்கள் வெந்நீர் கேட்டு வாங்குவார்கள், கடையில் என்றால் தேயிலை சேராத வெண்பூசணிப் பானம். எங்கள் வீட்டில் நான் போட்ட காபியை மறுத்தபோது முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தேன். மாலைகளில் அதைக் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள்.

இரண்டாவது முன்னோர். தைவானிய வீடுகளில் முன்னோரின் பெயர்ப்பலகைக்கு ஊதுபத்தி ஏற்றுவது பிள்ளைகளின் கடமை. மகன் வேறு மதத்துக்குப் போனால் நமக்கு யார் ஊதுபத்தி ஏற்றுவார் என்று தாய் அழுவாள். தைனான் பெண்ணின் வீட்டிலும் அந்த அழுகை நடந்திருக்கிறது. மற்ற பல கிறிஸ்தவ சபைகளிடம் இல்லாத ஒரு பதில் இவர்களிடம் இருக்கிறது. வம்சாவளியைத் தேடி எழுதுவது இவர்களுக்குப் பெரிய கடமை. இறந்த முன்னோருக்காக உயிரோடிருப்பவர் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெறலாம். ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்மாவின் விருப்பம் என்கிறார்கள். தைப்பேயில் 1984 முதல் அத்தகைய ஆலயம் இருக்கிறது. ஆடி அமாவாசையில் தர்ப்பணம் செய்யும் குடும்பத்திலிருந்து வந்த எனக்கு, முன்னோரை விட்டுவிடக்கூடாது என்ற தவிப்பு நன்றாகவே புரிந்தது. ஆனால் கேட்காமலே ஒருவரின் பெயரில் சடங்கு செய்வதை என் மனம் இன்றும் ஏற்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு இடத்தில். மாதக்கணக்கில் இந்தப் பெண்கள் ஒரு பாட்டியைத் தேடிப்போய்ப் படிக்க வைத்து, நோயில் உடனிருந்து, நம்பிக்கைக்குக் கொண்டுவந்தார்கள். ஞானஸ்நானத்துக்கு முன் அவரை நேர்காணல் செய்தது ஓர் இளைஞன். தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் கொடுத்ததும் ஆண்தான். சடங்குகளை நடத்தும் அதிகாரமான ஆசாரியத்துவம் பெண்களுக்கு இல்லை. அருகில் சாட்சியாக நிற்கும் உரிமைகூட 2019 அக்டோபரில்தான் வந்தது. இது உங்களுக்கு வலிக்கவில்லையா என்று கேட்டேன். ஐடஹோ பெண் இல்லை என்றாள். தைனான் பெண் பதில் சொல்லவில்லை. அந்தச் சபைக்கு இப்பெண்கள் தரும் உழைப்புக்கு இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கள், துணி துவைக்கவும் சாமான் வாங்கவும் வீட்டுக்கு எழுதவும் விடுப்பு. முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே வீட்டாரோடு பேசலாம், மற்றபடி மின்னஞ்சல்தான். 2019 பிப்ரவரியில் வாரந்தோறும் பேசலாம் என்று மாற்றினார்கள். முதல் திங்கட்கிழமை அழைப்புக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த ஐடஹோ பெண்ணின் முகம் வேறாக இருந்தது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இதை எப்போதோ செய்திருக்க வேண்டும். உடல்நலமோ மனநலமோ குன்றி, காலம் முடியும் முன்பே ஊர் திரும்புகிறவர்களும் உண்டு. எல்லோரும் முடித்துவிட்டு வரும் ஊரில் பாதியில் திரும்பி நிற்பது அவர்களுக்கு மிகவும் கடினம்.

உங்கள் வீட்டுக்கு இவர்கள் வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். ஆர்வம் இல்லையென்றால், இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதற்கு அவர்கள் வருந்துவதில்லை. நாம் மரியாதைக்காக அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லிவிட்டால், அதைக் குறித்துவைத்து, இரவுத் திட்டத்தில் சேர்த்து, வெயிலில் சைக்கிள் மிதித்துச் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார்கள்.